கணினி வந்துவிட்டது, காகிதம் போகவில்லை
அரசு அலுவலக டிஜிட்டல் மாற்றம் – வாசகர் கேள்வி பதில்

அரசுச் சேவைகளை இணையத்துக்கு மாற்றும் வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மென்பொருள் கோளாறு பற்றிக் கேட்டவர்கள் சிலரே. யார் ஒப்பமிடுவது, எந்தப் பதிவேடு செல்லும், தவறு நேர்ந்தால் யார் தலையில் விழும் என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் மின்-கோப்பு முறை வந்து 14 மாதம் ஆகிறது. ஆனால் ஒவ்வொரு கோப்பும் கணினியிலும் ஓடுகிறது, காகிதத்திலும் ஓடுகிறது. வேலை இரட்டிப்பாகிவிட்டது. காகிதத்தை எப்படி நிறுத்துவது?
– ஓர் அலுவலகக் கண்காணிப்பாளர்

காகிதத்தை யார் கேட்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு வாரம், அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அச்செடுக்கும் ஒவ்வொருவரையும் "யாருக்காக, எதற்காக" என்று எழுதச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நான்கைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். தணிக்கைக் குழு அசல் கோப்பைக் கேட்கிறது. நீதிமன்றத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் போக வேண்டும். மை கையெழுத்து இல்லாத பட்டியலைக் கருவூலம் திருப்பி அனுப்புகிறது. மேலதிகாரிக்குத் திரையில் படிக்கப் பிடிக்காது. இவற்றில் கடைசி ஒன்றுதான் பழக்கம். மற்ற மூன்றும் விதி. விதி அப்படியே இருக்கும்போது ஊழியர்களைப் பழக்கத்துக்கு அடிமை என்று திட்டிப் பயனில்லை. நாளை ஆட்சேபணைக் குறிப்புக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர்தான். அவர் காகிதத்தை வைத்துக்கொள்வது தற்காப்பு.

எனவே ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகத் தீர்வு வேண்டும். தணிக்கையாளர்களுக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள லாகின் கொடுத்து, தணிக்கை தொடங்கும் முன்பே அரை நாள் காட்டிக்கொடுங்கள். மின்-கோப்பே அசல் பதிவு என்பதை அவர்கள் தலைமையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். கருவூலம் ஏற்கும் மின்னொப்பம் எது என்பதையும் அவ்வாறே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம் அடுத்த இடமாறுதல் வரைதான் செல்லும்.

பிறகு ஒரு கெடுநாள் வையுங்கள். அந்த நாளுக்குப் பின் தொடங்கும் கோப்பு கணினியில் மட்டும் ஓடட்டும். முன்பே தொடங்கியது காகிதத்திலேயே முடியட்டும். பழையது அத்தனையையும் ஸ்கேன் செய்த பிறகுதான் தொடங்குவோம் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். நடப்புக் கோப்புகளில் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கும் என்று தெரிகிறவற்றை மட்டும் முழுசாக ஏற்றுங்கள். பாதிக் குறிப்பு காகிதத்திலும் மீதி கணினியிலுமாக ஒரு கோப்பு இருப்பதைவிட மோசமான நிலை கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒருவருமே உட்கார மாட்டார்கள். கெடுநாளன்று மாலை, காகிதப் பதிவேட்டில் கடைசி எண்ணுக்குக் கீழே கோடு கிழித்து, தேதி போட்டு, அலுவலகத் தலைவர் ஒப்பமிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சுற்றறிக்கையைவிட இது நன்றாக வேலை செய்யும். எண் போட வேறு இடம் இல்லையென்றால் எல்லோரும் கணினிக்குத்தான் வர வேண்டும்.

இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்து ஓட்டுவது சில வேலைகளுக்குக் கட்டாயம் தேவை. ஊதியம், ஓய்வூதியம், வரி போன்ற கணக்கீடுகளில் குறைந்தது இரண்டு முழு மாதங்களுக்குப் பழைய முறையின் விடையையும் புதிய முறையின் விடையையும் ஆள்வாரியாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு வந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். அந்த ஒப்பீடு நடக்கவில்லையென்றால் இரட்டை வேலை வெறும் இரட்டை வேலைதான். கனடா அரசு 2016-ல் கொண்டுவந்த ஃபீனிக்ஸ் ஊதிய முறை இதற்கு நல்ல பாடம். செலவைச் சுருக்குவதற்காக, திட்டமிட்டிருந்த 984 ஊதியப் பணிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை வெட்டினார்கள். ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த பைலட்டையும் கைவிட்டார்கள். ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வரவே இல்லை. 2018-ல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

காகிதத்தில் ஒரு கோப்பை ஏழு பேர் பார்த்தார்கள். கணினியிலும் அதே ஏழு பேர். "டிஜிட்டல் ஆக்கியும் ஏன் 15 நாள் ஆகிறது?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– ஒரு பிரிவு அலுவலர்

கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஏழு மேசை, ஒவ்வொன்றிலும் 10 நிமிட வேலை என்றால் உண்மையான உழைப்பு 70 நிமிடம். ஒவ்வொரு மேசையிலும் சராசரியாக 2 நாள் காத்திருப்பு என்றால் 14 நாள். ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குக் கோப்பைத் தூக்கிப்போக அரை நாள் வீதம், ஆறு நகர்வுக்கு 3 நாள். மென்பொருள் மிச்சப்படுத்துவது அந்த 3 நாளைத்தான். 14 நாள் அப்படியே இருக்கிறது. மேசையை மூன்றாகக் குறைத்தால் காத்திருப்பு 6 நாளாகிவிடும். அதற்குக் கணினியே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

எந்த மேசையை எடுப்பது? முடிந்துபோன கோப்புகளில் 100-ஐ எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை கோப்பில் முடிவோ தொகையோ மாறியது என்று எண்ணுங்கள். "மேலே உள்ளவாறு", "ஒப்புதலுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதிய நிலைகள் தானாகவே தெரியும். அங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்த மேசைக்காரர் சும்மா இருக்கிறார் என்று பொருள் வந்துவிடும்; அவர் எதிர்ப்பார். ஆகவே அவருக்கு வேறு வேலையைக் கையோடு கொடுங்கள்: ஒப்புதல் ஆன கோப்புகளில் 20-க்கு ஒன்று வீதம் குலுக்கலில் எடுத்து முழுமையாகச் சரிபார்ப்பது. முன்-ஒப்புதலாக நூறையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, பின்-சரிபார்ப்பாக ஐந்தை ஆழமாகப் பார்ப்பதில் தவறு அதிகம் சிக்கும்.

ஆனால் நிரலாளரிடம் "அந்த நிலையை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிச் செய்யாதீர்கள். எந்த நிலை அலுவலர் எதை முடிவு செய்யலாம் என்று சொல்லும் அதிகாரப் பகிர்வு ஆணை முதலில் திருத்தப்பட வேண்டும். ஆணை ஏழு நிலையைச் சொல்லும்போது மென்பொருள் மூன்றில் முடித்தால், அப்படிப் பிறந்த ஒவ்வோர் உத்தரவும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

இன்னொன்று. லாகினை ஆளோடு கட்டாமல் பதவியோடு கட்டச் சொல்லுங்கள். ஒப்பம் மட்டும் ஆளுடையது. இப்படிப் பிரிக்காத இடங்களில், மாறுதலாகிப் போனவரின் பெட்டியில் நாற்பது கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். புதியவருக்கு அவை இருப்பதே தெரியாது. விடுப்பில் போகும்போது பொறுப்பை யாருக்கு மாற்றுவது என்பதையும் அவரே இரண்டு சொடுக்கில் செய்ய முடிய வேண்டும். அதற்கும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால், பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுத்தான் விடுப்பில் போவார்.

அதிகாரியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் (கணினியில் செருகும் சிறு கருவி) அதன் ரகசிய எண்ணும் உதவியாளரிடமே இருக்கின்றன. அவரே ஒப்பமிடுகிறார். இதைச் சொன்னால் எனக்குத்தான் கெட்ட பெயர்.
– பெயர் வெளியிட விரும்பாதவர்

ஒழுக்கப் பிரச்சினையாக எழுப்பினால் கெட்ட பெயர்தான் வரும். எண்ணிக்கைப் பிரச்சினையாக எழுப்புங்கள். ஒரு நாளைக்கு 200 சான்றுக்கு ஒப்பமிட வேண்டிய ஒருவர், ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, ரகசிய எண்ணை அடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும் என்றால் ஐந்து மணி நேரம். அவரால் முடியாது, டோக்கன் கைமாறுவது அங்கேதான் தொடங்குகிறது. தீர்வும் அங்கேதான்: எளிய சான்றுகளைக் கீழ்நிலை அலுவலரே தன் பெயரில் ஒப்பமிட அதிகாரம் வாங்குவது, அல்லது ஒரே வகையானவற்றைப் பட்டியலாகப் பார்த்து மொத்தமாக ஒப்பமிடும் வசதி கேட்பது. ஒப்பமிட்ட நேரமும் கணினி முகவரியும் பதிவாகும் என்பதையும், அதிகாரி வெளியூர்ப் பயணத்தில் இருந்த நாளில் அலுவலகக் கணினியிலிருந்து விழுந்த ஒப்பம் விசாரணையில் யாரையும் காப்பாற்றாது என்பதையும் பொதுவாக எல்லோருக்கும் ஒரு குறிப்பாகச் சுற்றுக்கு விடலாம். ஓய்வு பெறுபவரின் சான்றிதழை அன்று மாலையே ரத்து செய்ய வேண்டும்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு லட்சம் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். மூன்று மாதத்தில் முடிப்போம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முடியுமா?
– ஒரு பதிவறைப் பொறுப்பாளர்

ஒரு பதிவுக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். இடைவேளை, பதிவேடு எடுத்து வைப்பது எல்லாம் போக நாளுக்கு 6 மணி நேரம் தட்டச்சு நடந்தால் ஒருவர் 120 பதிவு செய்வார். ஒரு லட்சத்துக்கு 833 ஆள்-நாள். பத்துப் பேர் என்றால் 84 வேலை நாள், அதாவது சுமார் நான்கு மாதம். இது ஒருமுறை அடிப்பதற்கு மட்டும். பெயர், எண், தேதி, தொகை ஆகிய நான்கையும் இரண்டாவது ஆள் முதலாமவர் அடித்ததைப் பார்க்காமல் திரும்ப அடித்து ஒப்பிட வேண்டும்; அதற்கு ஏறக்குறைய பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்று சொன்னவர் பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்.

முதல் நாளே 50 பதிவுகளை நீங்களே அடித்து நேரம் பாருங்கள். ஆனால் ஒரே பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். செல்லரித்தது, பென்சிலில் திருத்தியது, மூன்று பேர் கையெழுத்து கலந்தது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுங்கள். உங்கள் நிஜமான 3 நிமிடம் 5 நிமிடமாக இருக்கலாம்.

எது கெட்டுப்போகும்? பிறந்த தேதி தெரியாத இடங்களில் எல்லாம் ஜனவரி 1 வந்து உட்காரும். கட்டாயப் புலம் (நிரப்பாமல் விட முடியாத கட்டம்) என்று மென்பொருள் அடம்பிடித்தால், தட்டச்சர் எதையாவது போட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். தொலைபேசி எண் இடத்தில் பத்து ஒன்பதுகள் வருவதும் இப்படித்தான். எனவே "பதிவேட்டில் இல்லை", "படிக்க முடியவில்லை" என்ற இரண்டு விடைகளை ஒவ்வொரு புலத்திலும் அனுமதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு. தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் வந்து ஒரே ஆள் இருவராவார். அப்பா பெயரும் மகன் பெயரும் ஒன்றான வீடுகளில் இருவர் ஒருவராவார். இரண்டாவதுதான் ஆபத்து. இரட்டைப் பதிவைப் பிறகு சேர்த்துவிடலாம். தவறாகச் சேர்த்ததைப் பிரிக்க ஒவ்வொரு பரிவர்த்தனையையும் கிளற வேண்டும்.

பதிவேட்டில் உள்ள பிழையைத் தட்டச்சர் திருத்தக் கூடாது. எழுத்துப்பிழை என்று நன்றாகத் தெரிந்தாலும் உள்ளபடியே அடித்து, சந்தேகக் குறி போட்டு, திருத்த அதிகாரம் உள்ளவரிடம் அனுப்ப வேண்டும். மூலப் பக்கத்தின் படம், அடித்த மதிப்பு, திருத்திய மதிப்பு, திருத்தியவர், நாள் என்று ஐந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் மாதிரிச் சோதனை. முழுத் தொகுப்பிலிருந்து குலுக்கலில் 300 பதிவு எடுத்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பிழைகூட இல்லையென்றால், மொத்தத்தில் பிழை சுமார் 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 1 சதவீதம் என்றால் ஒரு லட்சத்தில் ஆயிரம் மனிதர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒப்பந்ததாரரே மாதிரியை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எங்களுக்குத் தேவையான தரவு இன்னொரு துறையிடம் இருக்கிறது. தர மறுக்கிறார்கள். மனுதாரரை அந்தத் துறைக்கு அனுப்பிச் சான்று வாங்கி வரச் சொல்கிறோம்.
– ஒரு திட்ட அலுவலர்

முழுத் தரவுத்தளத்தின் நகலைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் மறுத்தது நியாயமே. நகல் கொடுத்த மறுநாளே அது பழசாகிவிடும். கசிந்தால் பழி அவர்கள் மேல் விழும். நகலைக் கேட்காமல் ஒரு கேள்விக்கு விடையை மட்டும் கேளுங்கள். "இந்த எண்ணுக்குரியவர் இன்று உங்கள் பட்டியலில் உள்ளாரா?" என்றால் ஆம் அல்லது இல்லை. எஸ்டோனியாவில் 2001 முதல் நடப்பில் உள்ள எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கும். கேள்வியும் விடையும் மட்டும் பாதுகாப்பாகப் போய்வரும். யார் எப்போது எதைக் கேட்டார் என்பது பதிவாகும். ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் தொடங்குவதையே அங்கே சட்டம் தடுக்கிறது.

துறைகளுக்கிடையே எழுதும் ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்: எந்தெந்தப் புலம், எதற்காக, எத்தனை நாள் வைத்திருக்கலாம், தவறு தெரிந்தால் யார் திருத்துவது, விடை வராவிட்டால் மனுவை நிறுத்திவைப்பதா, மேற்கொண்டு நகர்த்துவதா. கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. பிறகு சண்டை அதில்தான் வரும்.

இதைவிட முக்கியமானது சொல்லின் பொருள். "வருமானம்" என்ற புலம் இரண்டு துறையிலும் இருக்கும். ஒன்றில் ஆண்டு வருமானம், மற்றொன்றில் இந்த இரு வாரத்தில் கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று பெயர் வாங்கிய திட்டம் இங்கேதான் சறுக்கியது. வரித் துறையின் ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை பெற்றவர் அப்போது சொன்னதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடன் என்று கணினி நோட்டீஸ் அனுப்பியது. ஆண்டில் நான்கு மாதம் மட்டும் வேலை பார்த்தவர், வேலையில்லாத மாதங்களிலும் சம்பாதித்ததாகக் கணக்கானது. சட்டப்படி செல்லாது என்று முடிவாகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023-ல் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. இரண்டு தரவுத்தளமும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தன.

வயதான ஊழியர்கள் கணினியை எதிர்க்கிறார்கள். பயிற்சி கொடுத்தும் பயனில்லை.
– ஒரு மாவட்ட நிலை அலுவலர்

பயிற்சி எப்போது கொடுத்தீர்கள்? மென்பொருள் வருவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு பெரிய கூடத்தில், கற்பனைப் பெயர்களை வைத்து, ஒரு முழு நாள் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு மணி நேரம், அவரவர் மேசையில் உள்ள நிஜக் கோப்பை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். தொடங்கிய பிறகு இரண்டு வாரம், 15 பேருக்கு ஒருவர் வீதம் அறையில் நடந்துகொண்டே இருக்கட்டும். அந்த இரண்டு வாரமும் தினசரி இலக்கைப் பாதியாக்குங்கள். இலக்கு குறையாவிட்டால், மாலையில் காகிதத்தில் முடித்துக் காலையில் கணினியில் அடிக்கும் பழக்கம் அந்த வாரத்திலேயே ஊன்றிவிடும்.

வயது ஒரு சாக்கு. மெதுவாகத் தட்டச்சு செய்பவர்கூட ஆறு வாரத்தில் தேறிவிடுகிறார். எதிர்ப்பின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு எந்த மனுவை முதலில் எடுப்பது என்பது அவர் கையில் இருந்தது. இப்போது வரிசை இருக்கிறது. முன்பு தவறு நேர்ந்தால் ஒரு திருத்தக் குறிப்பில் சரியாகும். இப்போது ஒவ்வொரு சொடுக்கும் அவர் பெயரில் பதிவாகிறது. முதலாவதை இழப்பதற்கு அவருக்கு ஈடு எதுவும் தர முடியாது, தரவும் வேண்டாம். இரண்டாவதற்கு, முதல் மூன்று மாதம் நேரும் நேர்மையான தவறுகளுக்குக் குறிப்பாணை கொடுக்கப்படாது என்று எழுத்தில் சொல்லுங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்தான் "இந்த வகை மனுவுக்கு இந்தப் படிவம் பொருந்தாதே" என்று கண்டுபிடிப்பார். அவரை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். மேலே சொன்ன ஃபீனிக்ஸ் திட்டத்தில், புதிய முறை நிலைபெறும் முன்பே சுமார் 1,200 ஊதிய ஆலோசகர் பணியிடங்களை நீக்கியிருந்தார்கள். கணக்கு தவறியபோது, கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் இல்லை.

டேஷ்போர்டில் (பணி நிலவரம் காட்டும் திரையில்) நிலுவை பூஜ்யம். கவுன்டரில் கூட்டம் குறையவில்லை. எது உண்மை?
– ஒரு குறைதீர்ப்புப் பிரிவு ஊழியர்

கூட்டம்தான். டேஷ்போர்டு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். 15 நாள் கெடு என்றால் 14-ஆவது நாள் மாலையில் "ஆவணம் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பினால் கணக்கில் அது முடிந்த மனு. மனுதாரர் மறுபடி போட்டால் புது எண், புது 15 நாள். மூன்று முறை அலைந்து 50 நாளில் சான்று வாங்கியவர், மூன்று "உரிய காலத்தில் முடிந்த" மனுக்களாக அங்கே தெரிவார். யாரும் பொய் சொல்லவில்லை. சிவப்பு நிறத்துக்கு விளக்கம் கேட்டார்கள், ஊழியர்கள் பச்சையாக்கிவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை மூன்று. திருப்பி அனுப்பினால் கடிகாரம் நிற்கலாம், ஆனால் பூஜ்யத்துக்குப் போகக் கூடாது; அதே எண்ணில் தொடர வேண்டும். குறைகளை ஒரே தடவையில் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை புதுக் குறை சொல்வதானால் மேல்நிலை ஒப்புதல் வேண்டும். "இதர காரணம்" என்ற தெரிவை எடுத்துவிட்டு, திருப்புவதற்கான காரணங்களைப் பத்துப் பன்னிரண்டாகப் பட்டியலிட வேண்டும்.

அந்தப் பட்டியல் மூன்று மாதம் ஓடினால் உங்களுக்குப் பொக்கிஷம். பாதிக்கு மேல் ஒரே காரணத்தில் திரும்புகிறது என்றால் தவறு மக்களிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது. புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய சர்வருக்குப் போட்ட எல்லையாக இருக்கும். இன்றைய கைபேசிப் படம் அதைப்போலப் பல மடங்கு. மக்கள் சுருக்கிச் சுருக்கி அனுப்புவார்கள், நீங்கள் தெளிவில்லை என்று திருப்புவீர்கள். டேஷ்போர்டில் ஓர் எண் மட்டும் வைக்கலாம் என்றால் முதல் முயற்சியிலேயே முடிந்த மனுக்களின் விகிதத்தை வையுங்கள்.

இன்னோர் இடத்தில் நன்றாக ஓடும் மென்பொருளை அப்படியே கொண்டுவந்தால் செலவு மிச்சம்தானே?
– ஒரு வாசகர்

நிரலைக் கொண்டுவரலாம். அதைச் சுற்றியுள்ள அதிகாரப் பகிர்வு, இணையத் தொடர்பு, பயிற்சி பெற்ற ஆட்கள், சுத்தமான தரவு ஆகியவை கூட வராது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ், வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களில் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் அரைகுறைத் தோல்வி, 15 சதவீதமே வெற்றி என்று 2003-ல் மதிப்பிட்டார். வடிவமைப்பு எதிர்பார்க்கும் அலுவலகத்துக்கும் நிஜமான அலுவலகத்துக்கும் உள்ள இடைவெளிதான் அவர் சொன்ன காரணம். வாங்கும் முன் அந்த இடைவெளியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் ஒப்பந்ததாரர் தனியாகப் பணம் கேட்கிறார். விலகவும் முடியவில்லை.
– ஒரு நிதிப் பிரிவு அலுவலர்

இந்த ஒப்பந்தத்தில் இனிச் செய்யக்கூடியது குறைவு. அடுத்ததில் இவற்றை எழுதுங்கள். மூல நிரலும் அதன் விளக்கக் குறிப்பும் துறைக்குச் சொந்தம். அவை துறையின் சர்வரிலேயே ஒவ்வொரு வெளியீட்டின்போதும் வந்து சேர வேண்டும். முழுத் தரவையும் பொதுவான வடிவத்தில் ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் திறந்து காட்டும் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். விதி மாறினால் மாறும் கட்டணம், வயது வரம்பு, தேதி போன்றவற்றை நிரலைத் தொடாமல் துறை ஊழியரே அமைப்புப் பக்கத்தில் மாற்ற முடிய வேண்டும். உங்கள் "சிறு மாற்றங்களில்" முக்கால்வாசி இவைதான். மாதம் இத்தனை மணி நேர மாற்றப் பணி ஒப்பந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். விலகும்போது ஆறு மாத ஒப்படைப்புக் காலம் வேண்டும். ஆவணம் சமர்ப்பித்தால் 20 சதவீதம், பயிற்சி நடத்தினால் 20 சதவீதம் என்று பணம் கொடுக்காமல், நிஜ மனு ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை ஓடிய பிறகே பெரும்பகுதியைக் கொடுங்கள்.

துறைக்குள் மூன்று பேர் வேண்டும்: விதி தெரிந்தவர், தரவு தெரிந்தவர், நிரலைப் படிக்கத் தெரிந்தவர். இவர்களில் ஒருவருக்கு "இது தயாராகவில்லை, திறக்கக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ல் திறந்த, மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் அரசுத் தளத்தில் ஒப்பந்ததாரர்களுக்குப் பஞ்சமில்லை. முழுப் பொறுப்பு யாருக்கு என்பதுதான் தெளிவாக இல்லை. முதல் நாள் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். திட்டங்களைப் பார்ப்பதற்கே கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்ததால், வேடிக்கை பார்க்க வந்த லட்சக்கணக்கானோரும் அந்த ஒரே வாசலில் நெருக்கினார்கள். பார்வையிடுவதற்கு லாகின் கேட்காதீர்கள்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, கவுன்டரை மூடிவிடலாமா?
– ஒரு துணை இயக்குநர்

டென்மார்க் 2014 நவம்பரில் அரசுக் கடிதங்களை அரசின் டிஜிட்டல் அஞ்சல் பெட்டிக்கே அனுப்புவதைக் குடிமக்களுக்குக் கட்டாயமாக்கியது. அங்கேயும் முடியாதவர்கள் விலக்குப் பெற வழி வைத்தார்கள். கவுன்டரை மூட வேண்டாம். அங்கே இருப்பவர் மக்கள் பயன்படுத்தும் அதே திரையில் அவர்களுக்காக நிரப்பிக்கொடுக்கட்டும். தனி மென்பொருள் வைத்தால் இரண்டு விதமான பிழைகள் வரும். கைபேசி எண் மாறிப்போய் ஓடிபி வராதவர்கள், கைரேகை தேய்ந்தவர்கள், மற்றவருக்காக மனுச் செய்பவர்கள் ஆகிய மூவருக்கும் மாற்று வழி என்ன என்பதை முதலில் எழுதிவிட்டு, பிறகு கவுன்டர் எண்ணிக்கையைப் பற்றி யோசியுங்கள்.

சர்வர் வேலை செய்யாத நாளில் மக்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி உண்டா?
– ஒரு கவுன்டர் ஊழியர்

உண்டு, ஆனால் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் 100 காகிதப் படிவம், அவசர வரிசைக்கென்றே ஒதுக்கிய தொடர் எண்ணோடு, கார்பன் நகலோடு உறையிட்டு இருக்கட்டும். அந்த எண் வரிசை மென்பொருளிலும் ஒதுக்கப்பட்டிருந்தால் மறுநாள் ஏற்றும்போது மோதல் வராது. கார்பன் நகலில் முத்திரையிட்டு மனுதாரரிடம் கொடுங்கள்; அவருடைய கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓட வேண்டும். எத்தனை நிமிடம் நின்றால் காகிதத்துக்கு மாறுவது என்பதை எழுதி ஒட்டிவையுங்கள். 30 நிமிடம் பொருத்தம். எழுதி வைக்காவிட்டால் "இப்போ வந்துவிடும்" என்றே மாலை ஆகிவிடும். காகிதத்தில் வாங்கியவை இரண்டு வேலை நாளுக்குள் கணினியில் ஏற வேண்டும், ஏற்றியவர் பெயர் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

தொழில்நுட்பப் பிரிவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாகக் காப்பு நகல் எடுத்தது எப்போது? அந்த நகலிலிருந்து முழுவதையும் மீட்டுப் பார்த்தது எப்போது? முதலாவதற்கு உடனே விடை வரும். இரண்டாவதற்குத் தயங்குவார்கள். தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் மின்கலத் தீ பிடித்து 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. ஊழியர்கள் கோப்பு சேமிக்கும் மேகச் சேமிப்பகம், அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால், வெளியே நகல் எடுக்கப்படாமலே இருந்தது, அது அழிந்தது. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய விதி. நான்காவதாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை அந்த வேறு கட்டடத்து நகலிலிருந்து ஒரு சோதனை சர்வரை எழுப்பி, உங்களைப் போன்ற கவுன்டர் ஊழியர் ஒருவரை அழைத்து, போன மாதம் அவரே ஏற்றிய ஒரு மனுவைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். காகிதப் படிவம் எத்தனை உறையிட வேண்டும் என்பதற்கு அந்த எண்தான் அளவு.